அப்பாவின் சீக்கோ 5-ல் இருக்கும் நெல்மணி செயின் அசல்தானா?

பாலக்கோட்டான்

எல்லோருக்கும் வணக்கம். எங்க அப்பா தவறி ஒரு வருசம் ஆச்சு. தெவசம் முடிஞ்ச பிறகு அம்மா பீரோவைத் திறந்து அப்பாவோட வாட்ச்சை என் கையில கொடுத்தாங்க. சீக்கோ 5, ஆட்டோமேட்டிக், 21 ஜூவல் (உள்ளே உராய்வைக் குறைக்கிற கல்). கருநீல டயல், கிழமையும் தேதியும் 3 மணிப் பக்கத்துல. நேரம் திருத்துற குமிழ் 3-க்கு நேரா இல்லாம 4-க்கு நேரா இருக்கு. ரெண்டு ஆட்டு ஆட்டினதும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு நாளைக்கு நாலு நிமிசம் பின்னாடி போகுது, அவ்வளவுதான்.

என் சந்தேகம் செயின்ல. இணையத்துல பார்க்கிற சீக்கோ 5 எதுலயும் இந்த மாதிரி செயின் இல்லை. ரெண்டு ஓரத்துலயும் பட்டையான கண்ணி, நடுவுல அஞ்சு வரிசையா குட்டிக் குட்டி மணிங்க. உரலிலிருந்து எடுத்த அரிசியைப் பொறுக்கி அடுக்கினாப்ல இருக்கும். துணி மாதிரி மடங்குது. கிளிப்போட உள்பக்கம் எழுத்து தேஞ்சு போய் 'ஸ்டெயின்லெஸ்' மட்டும் அரைகுறையாத் தெரியுது. சீக்கோன்னு எங்கயும் இல்லை.

அப்பா லாரி ஓட்டினவர். பெங்களூர், சேலம்னு முப்பது வருசம் இந்த வாட்ச் அவர் கையில இருந்திருக்கு. எனக்கு நினைவு தெரிஞ்சதிலிருந்து இதே செயின்தான். விக்கிற எண்ணம் துளியும் கிடையாது. இது வாட்ச்சோடவே வந்ததா, இல்ல நடுவுல மாத்தினதான்னு தெரிஞ்சா போதும்.

மாங்கனி

தம்பி, பார்த்தவுடனே சொல்றேன், அசல் இல்லை. சீக்கோ செயின்னா கிளிப் வெளிப்பக்கமே பேர் இருக்கும். பழைய சீக்கோவுக்கு இப்ப ஆன்லைன்ல புது செயின் கிடைக்குது. அதை மாட்டிட்டு இதை எடுத்து வச்சிடுங்க.

அதியமான்கோட்டை

மாங்கனி அண்ணா, கொஞ்சம் பொறுங்க. செயினைப் பார்க்கிறதுக்கு முன்னால வாட்ச் எப்போ செஞ்சது, எந்த ஊர்ல வித்ததுன்னு தெரியணும். அது தெரியாம செயினைப் பத்திப் பேசி என்ன பலன்?

பாலக்கோட்டான், மூணு விசயம் பார்த்துச் சொல்லுங்க.

பின்மூடியில ரெண்டு எண் இருக்கும். ஒண்ணு நாலு இலக்கம், கோடு, திரும்ப நாலு இலக்கம். முதல் நாலு உள்ளே இருக்கிற மெஷினோட எண், அடுத்த நாலு பாடியோட எண். இன்னொண்ணு ஆறு அல்லது ஏழு இலக்க வரிசை எண். அதுல முதல் இலக்கம் வருசத்தோட கடைசி எண், ரெண்டாவது மாசம். அக்டோபருக்கு சுழி, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. எந்தப் பத்தாண்டுன்னு அதுல இருக்காது, மெஷின் எண்ணை வச்சுத்தான் கணிக்கணும்.

அடுத்து, டயலோட அடியில 6 மணிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி எழுத்துல ஒரு எண் இருக்கும். அதோட முதல் நாலு இலக்கம் பின்மூடியோட ஒத்துப்போகுதான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. நம்ம நாட்டுல சுத்துற பழைய சீக்கோ 5-ல நிறைய டயலை அழிச்சுப் புதுசா பெயின்ட் அடிச்சது. சேகரிக்கிறவங்க அதையெல்லாம் 'பம்பாய் ஸ்பெஷல்'னே சொல்வாங்க. ஆரஞ்சு, பச்சைன்னு பளபளன்னு இருக்கும். அப்படிப்பட்டதா இருந்தா செயினைப் பத்தின கேள்வியே வீண்.

மூணாவது, ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல கிழமை மாறும்போது பாருங்க. இங்கிலீஷுக்கு நடுவுல வேற ஒரு மொழி வந்து போகும். அது எந்த மொழி?

பாலக்கோட்டான்

ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி முழிச்சிருந்து பார்த்தேன். மெஷின் எண் 6119. வரிசை எண் '1என்'னு ஆரம்பிக்குது. டயல் அடியில உள்ள பொடி எழுத்தும் 6119-ன்னுதான் தொடங்குது. டயல்ல ஒரு இடத்துல மட்டும் லேசா புள்ளி விழுந்திருக்கு, மத்தபடி சுத்தம்.

கிழமை மாறும்போது வந்த எழுத்தைப் பார்த்து அசந்துட்டேன். அரபி எழுத்து! எங்க வீட்ல எல்லாரும் இதை 'சிங்கப்பூர் வாட்ச்'னுதான் சொல்வாங்க. தாய்மாமா கப்பல்ல வேலை பார்த்தவர், அவர்தான் அப்பா கல்யாணத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதியமான்கோட்டை

அப்போ 1971 நவம்பர். 6119 மெஷின் 1981 வரைக்கும் இழுக்காது, அதனால சந்தேகம் இல்லை. பின்மூடியில 'வாட்டர் ரெசிஸ்ட்'னு இருக்கணும். 1970 வாக்குல 'புரூஃப்'ங்கிற சொல்லை எடுத்துட்டு 'ரெசிஸ்ட்'னு மாத்தினாங்க. பொருந்துதான்னு பார்த்துக்கங்க.

அரபி இருந்தா அரபு நாட்டுச் சந்தைக்குப் போன வாட்ச். ஜப்பான்ல வித்திருந்தா ஜப்பான் எழுத்து இருக்கும், தென் அமெரிக்கான்னா ஸ்பானிஷ். கப்பல்ல போனவர் ஏடன்லயோ குவைத்லயோ இறங்கி வாங்கியிருக்கலாம். வெளிநாட்டுப் பொருள் எல்லாமே அந்தக் காலத்துல நம்ம ஊர்ல சிங்கப்பூர்ப் பொருள்தானே.

வாட்ச் தலை, அதாவது செயின் இல்லாத வாட்ச், அசல். மனசு நிம்மதியா செயினுக்கு வாங்க.

ஓசூர்_பழையமுள்

நான் ஓசூர்ல வாட்ச் ஆலையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செயின் பிரிவு இல்லை, அசெம்பிளி. ஆனாலும் பழைய செயின் பார்க்கிறதுல ஐம்பது வருசப் பைத்தியம்.

பேர் இல்லைங்கிறதுக்காக அசல் இல்லைன்னு தள்ளிட முடியாது. வாட்ச் கம்பெனி எல்லாமே சொந்தமா செயின் செய்யலை. ஜெனீவாவுல கே ஃப்ரேர்னு ஒரு பட்டறை, 1835-ல தொடங்கினது. ரோலெக்ஸ், படேக் ஃபிலிப், ஜெனித்னு பெரிய பெரிய பேருக்கெல்லாம் அவங்கதான் செயின் செஞ்சு கொடுத்தாங்க. 1998-ல ரோலெக்ஸ் அந்தப் பட்டறையையே வாங்கிடுச்சு. சீக்கோவுக்கு ஹாங்காங்ல ஸ்டெலக்ஸ்ங்கிற கம்பெனி செஞ்சு கொடுத்தது. அதனால கிளிப்ல ஸ்டெலக்ஸ்னு மட்டும் இருந்து, அசல்னு தெரியாம தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர்.

ஒமேகான்னா கிளிப் உள்ளேயே செயினோட எண்ணும், ஓரக் கண்ணியில (பாடியை ஒட்டி மாட்டுற கடைசிக் கண்ணி) தனி எண்ணும் இருக்கும். 1960கள்ல வந்த சிலதுல எந்தக் காலாண்டு, எந்த வருசம்ங்கிறதும் அச்சாகியிருக்கும். ரோலெக்ஸ் 1976 முதல் எழுத்துக் குறி போட்டாங்க, 'ஏ' வந்தா 1976. உங்க செயின்ல இப்படி எதுவும் இல்லாததால வேற வழியிலதான் போகணும்.

நீங்க சொல்ற அரிசி மணிச் செயின் 1950, 60கள்ல சுவிஸ் வாட்ச்கள்ல நிறைய வந்தது. வெளிநாட்டுக்காரங்களும் அரிசின்னுதான் சொல்றாங்க. நம்ம பக்கம் நெல்மணி செயின்னு சொல்லிக் கேட்டிருக்கேன். 1971 சீக்கோ 5-க்கு அது கொஞ்சம் பழைய மோஸ்தர். அந்தச் சமயத்துல சீக்கோ தகட்டை மடிச்ச பட்டைக் கண்ணிச் செயின் பக்கம் போயிட்டாங்க.

ஒரு வெர்னியர் எடுத்துக்கங்க. பாடியிலிருந்து நாலு காது நீட்டிக்கிட்டிருக்கும் இல்லையா, ரெண்டு காதுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளங்க. செயினோட ஓரக் கண்ணி அகலத்தையும் தனியா அளங்க. அப்புறம் வாட்ச்சை விளக்குக்கு நேரா பிடிச்சு, ஓரக் கண்ணிக்கும் பாடிக்கும் நடுவுல வெளிச்சம் வருதான்னு பாருங்க.

பாலக்கோட்டான்

பக்கத்துல லேத் பட்டறையில வெர்னியர் வாங்கி அளந்தேன் ஐயா. காதுக்கு நடுவுல 19 மி.மீ. செயின் ஓரம் 18-க்கு ஒரு இம்மி குறைவு. ஒரு பக்கம் அரை மி.மீ. சந்து.

வெளிச்சமும் வருது. ஓரக் கண்ணி வளைவா இருக்கு, ஆனா அந்த வளைவு வாட்ச் பாடியோட வளைவைவிடச் சின்னது. ரெண்டு முனையும் பாடியைத் தொடுது, நடுவுல மட்டும் மூணாம் பிறை மாதிரி சந்து தெரியுது. இத்தனை வருசம் இதைப் பார்த்திருக்கேன், ஒரு நாள்கூட கவனிச்சதில்லை.

மாங்கனி

நான் முதல்லயே சொன்னேன்.

பென்னாகரத்து_மகள்

எங்க அப்பா பஸ் ஸ்டாண்டு ஓரமா கண்ணாடிப் பெட்டி வச்சு வாட்ச் ரிப்பேர் பண்ணினவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பின்னும் ஸ்குருவும் பொறுக்கிக் கொடுத்து வளர்ந்தவ. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் தம்பி.

19 காதுல 18 செயின் மாட்டியிருந்தா அது அந்த வாட்ச்சுக்குச் செஞ்சது இல்லை. இதுல எனக்கு ரெண்டு எண்ணம் கிடையாது. ஆனா எப்போ மாத்தினாங்கங்கிறதை வாட்ச்சே சொல்லும். செயினைக் காதோட பிடிச்சிருக்கிற ஸ்பிரிங் பின்னை ஜாக்கிரதையா அழுத்திச் செயினைக் கழட்டுங்க. காதோட உள்பக்கத்தைப் பாருங்க. இந்தச் செயின் ரொம்ப நாள் இருந்திருந்தா, அந்த அரை மி.மீ. சந்துல ஓரக் கண்ணி இப்படியும் அப்படியும் ஆடி ஆடி வட்டமா ஒரு தேய்மானம் பண்ணியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தா பல வருசம். ஒரு கீறல் மட்டும் இருந்தா இப்ப மாட்டினது.

பின்மூடியைத் திறக்கும்போது உள்பக்கத்தையும் பாருங்க. ரிப்பேர்காரங்க ஊசியால தேதியோ ஒரு குறியோ கீறி வைப்போம். திரும்ப வந்தா யார் கை வச்சதுன்னு தெரியணும்ல. நீங்களா திறக்காதீங்க, கடையில திறக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு. லாரி டிரைவர்னு சொன்னீங்க. ஸ்டியரிங் பிடிக்கிற கையில வேர்வை ஊத்தும். தோல் பட்டை ஆறு மாசத்துல இத்துப் போயிடும். எங்க கடைக்கு வந்த டிரைவருங்கள்ல பாதிப் பேர் தோலைக் கழட்டிட்டு ஸ்டீல் செயின் கேட்டவங்கதான்.

பாலக்கோட்டான்

அக்கா, கழட்டினேன். நாலு காதுலயும் உள்ளே வட்டமா பள்ளம் மாதிரி வழுவழுன்னு தேஞ்சிருக்கு. விரல் நகத்தை வச்சா படுது.

அதோட இன்னொண்ணும் கிடைச்சது. அம்மாகிட்ட கல்யாண ஆல்பம் கேட்டேன். கல்யாணம் 1972 ஆவணியில. மணவறையில அப்பா இடது கையை மடியில வச்சிருக்கிற படம் ஒண்ணு இருக்கு. வாட்ச் தெரியுது. பெருக்கிப் பார்த்தேன். தோல் பட்டை. ஓட்டை ஓட்டையா இருக்கிற கருப்புத் தோல். செயின் இல்லை.

அதியமான்கோட்டை

முடிஞ்சது. செயின் சீக்கோவோட வந்ததில்லை. இதைவிடச் சாட்சி வேணாம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி பத்திரமா வைங்க. பழைய வாட்ச் வச்சிருக்கிறவங்கள்ல நூத்துல ஒருத்தர்கிட்டகூட இப்படி ஒரு படம் இருக்காது. நானும் ஏழு வாட்ச் வச்சிருக்கேன், ஒண்ணுக்கும் யார் கையில இருந்ததுன்னு தெரியாது.

மாங்கனி

இப்ப நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்றேன், யாரும் கோவிச்சுக்க வேண்டாம். முதல்ல அசல் இல்லை, எடுத்து வச்சிடுங்கன்னு சொன்னது நான்தான். அது தப்பு. காதுல பள்ளம் விழுற அளவுக்கு அவர் கையில கிடந்த செயின் அது. கடையில 19-ல புதுச் செயின் வாங்கி மாட்டினா அளவு சரியா இருக்கும், ஆனா அப்பாவோட வாட்ச் மாதிரி இருக்குமா? எங்க அப்பாவோட எச்எம்டி ஜனதாவுக்கு நான் அப்படித்தான் பண்ணினேன். அவர் போட்டிருந்த நைந்த பட்டையைக் குப்பையில போட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் மனசுல இருக்கு.

ஓசூர்_பழையமுள்

மாங்கனி சொன்னது சரி. ஆனா எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. ஓரக் கண்ணி வளைவா இருக்குன்னீங்களே. கடையில தனியா விக்கிற செயினுக்குப் பெரும்பாலும் ஓரம் நேராத்தான் இருக்கும். எந்த வாட்ச்சுக்கும் பொருந்தணும்ல. வளைவு இருந்தா அது வேற ஏதோ ஒரு பாடிக்குன்னு செஞ்சது. 18 மி.மீ. காது, இதைவிடச் சின்ன வட்டம். 1950, 60கள்ல வந்த கீ கொடுக்கிற சுவிஸ் வாட்ச் நிறைய அந்த அளவுதான்.

உங்க வீட்ல வேற பழைய வாட்ச் ஏதாவது இருந்துச்சா? தாத்தா, பெரியப்பா, யாரோடதாவது?

பாலக்கோட்டான்

ஐயா, உங்க கேள்வியை எங்க அத்தைகிட்ட கேட்டேன். தாத்தா பென்னாகரம் பக்கம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தவர். அத்தை யோசிக்கவே இல்லை. "அப்பாகிட்ட பேவர்லூபா இருந்துச்சே. தினமும் காலைல சந்தியாவந்தனம் மாதிரி கீ கொடுப்பாரு"ன்னாங்க. தாத்தா 1974-ல காலமானார். அதுக்கு முன்னாலயே அந்த வாட்ச் நின்னுடுச்சாம், ரிப்பேர் பண்ணலை.

அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில தேடினோம். ஒரு மஞ்சள் துணியில, தாத்தாவோட பேனா, மூக்குக் கண்ணாடியோட, வாட்ச் தலை மட்டும் இருந்தது. செயின் இல்லை! ஃபேவ்ர் லூபா சீ சீஃப், 17 ஜூவல். டயல் பழுத்த பனம்பழ நிறம் ஆயிடுச்சு.

கை நடுங்கிக்கிட்டே காதை அளந்தேன். 18.

ஓசூர்_பழையமுள்

தம்பி, இப்பவே அந்தச் செயினை அதுல வச்சுப் பாருங்க. பின் மாட்ட வேண்டாம், சும்மா வச்சுப் பாருங்க.

பாலக்கோட்டான்

வச்சேன் ஐயா. உட்கார்ந்துடுச்சு. பிறை இல்லை, சந்து இல்லை. விளக்குக்கு நேரா பிடிச்சா ஊசி முனை வெளிச்சம்கூட வரலை. காதோட உள்பக்கத்துல ஓரக் கண்ணி உரசின கோடு அப்படியே இந்தக் கண்ணியோட விளிம்போட சேருது.

அத்தை பக்கத்துல நின்னு பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. உள்ளே போயிட்டாங்க.

ஓசூர்_பழையமுள்

இந்த வயசுல எனக்கு மயிர்க்கூச்செறியுது. ஃபேவ்ர் லூபா 1737-ல சுவிட்சர்லாந்துல லெ லோக்ல்ங்கிற ஊர்ல தொடங்கினது. நம்ம நாட்டுக்கு 1865-லயே வந்துட்டாங்க. வாத்தியார், ரயில்வே ஆள், தாசில்தார்னு சம்பளக்காரங்க கையில சீ சீஃப், சீ கிங் இல்லாத ஊர் கிடையாது. 2011-ல அந்தப் பேரையே டைட்டன் வாங்கிச்சு, 2023-ல வித்துடுச்சு. டைட்டனோட ஆலை இருக்கிறது எங்க ஓசூர்ல. உங்க தாத்தா காலத்துல ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே தர்மபுரி மாவட்டம்தான், 2004-லதான் பிரிச்சாங்க. அவர் மாவட்டத்துக்குள்ளயே அந்தப் பேர் கொஞ்ச காலம் வந்து இருந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா எப்படி இருந்திருக்கும்!

அதியமான்கோட்டை

எல்லாரும் சந்தோசமா இருக்கிற நேரத்துல குறுக்கே பேசறேன்னு நினைக்க வேண்டாம். பொருந்துறது வேற, கம்பெனியிலிருந்து வந்தது வேற. அந்தக் காலத்துல வாட்ச் தலையைத் தோல் பட்டையோட வாங்கி, கடைக்காரர்கிட்டயே தனியா செயின் வாங்கிப் போட்டவங்க நிறையப் பேர். வளைவை அரத்தால ராவிப் பொருத்திக் கொடுப்பாங்க. ஓரக் கண்ணியோட உள் விளிம்புல ராவின கோடு இருந்தா கடையில பொருத்தினது. மெஷின்ல வெட்டின மாதிரி சுத்தமா இருந்தா செஞ்ச இடத்துலயே அந்த வளைவு.

நான் இப்படிக் குடையறது உங்க செயினைக் குறைச்சுச் சொல்ல இல்லை. யாராவது நாளைக்கு இந்த இழையைப் படிச்சுட்டு, 'ஃபேவ்ர் லூபாவுக்கு நெல்மணி செயின்தான் அசல்'னு எழுதி விலையை ஏத்தி விக்கக் கூடாது. அதுக்காகத்தான்.

பாலக்கோட்டான்

நீங்க சொன்னது ரொம்ப நியாயம். லென்ஸ்ல பார்த்தேன். ஒரு பக்கக் கண்ணியில குறுக்கா மூணு நாலு ராவின கோடு இருக்கு. மறுபக்கம் சுத்தம். அதனால கடையில பொருத்தினதாத்தான் இருக்கணும்.

ஆனா எப்போ பொருத்தினதுன்னு தெரிஞ்சிடுச்சு. அத்தைகிட்ட ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ இருக்கு. முன்வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிற பையன் மடியில சிலேட்டு, அதுல சாக்பீஸ்ல 1966-67. தாத்தா நடு நாற்காலியில. ரெண்டு கையும் முழங்கால்மேல. அரைக்கைச் சட்டைக்குக் கீழே நெல்மணி செயின் வெள்ளையா மின்னுது.

அப்போ செயின் சீக்கோவைவிட நாலு வருசமாவது மூத்தது. தாத்தா வாட்ச் நின்ன பிறகோ, தாத்தா போன பிறகோ அப்பா அந்தச் செயினைக் கழட்டித் தன் வாட்ச்ல மாட்டியிருக்கார். அப்பா இதைப் பத்தி ஒரு வார்த்தை எங்ககிட்ட சொன்னதில்லை.

மாங்கனி

இனிமே அந்தச் செயினை எதுல மாட்டப் போறீங்க?

பென்னாகரத்து_மகள்

அதை முடிவு பண்றதுக்கு முன்னால என் பேச்சைக் கேளுங்க தம்பி. 19 காதுல 18 செயின் மாட்டும்போது ஸ்பிரிங் பின் முழுசா நீளாம இருக்கணும், இல்லன்னா ஓட்டையில நுனி மட்டும் நிக்கும். காது வேற உள்ளே தேஞ்சிருக்குன்னு சொல்றீங்க. ஒரு நாள் பஸ் கம்பியைப் பிடிக்கும்போது பட்டுன்னு விட்டுச்சுன்னா வாட்ச் ரோட்ல. பீரோவுல வைக்கிறதா இருந்தா எப்படி வேணாலும் வைங்க. கையில கட்டப் போறீங்கன்னா சீக்கோவுக்கு 19 பட்டையும் தடிமனான புதுப் பின்னும் போடுங்க.

செயினைக் கழுவணும். தலையிலிருந்து கழட்டின பிறகு வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு, குழந்தைங்க பல் தேய்க்கிற மெத்துன்னு பிரஷ். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். மணிக்கு நடுவுல இருக்கிற அழுக்கு வந்துட்டா செயின் தளர்ந்த மாதிரி தெரியும், பயப்படாதீங்க. அழுக்குதான் இத்தனை நாள் இறுக்கிப் பிடிச்சிருக்கும்.

பாலக்கோட்டான்

அக்கா சொன்னபடியே செஞ்சேன். தண்ணி கருப்பா வந்தது. டீசலும் வேர்வையும் சேர்ந்த ஒரு வாசனை. அதைக் கீழே ஊத்த எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

நேத்து தர்மபுரி போய் ரெண்டு வாட்ச்சையும் கடையில கொடுத்துத் திறந்து பார்த்தோம். சீக்கோ பின்மூடி உள்ளே ஊசியால '4-78'னு கீறியிருக்கு. ஃபேவ்ர் லூபாவுல எண்ணெய் காய்ஞ்சு பிசின் ஆயிடுச்சு, ஸ்பிரிங் அறுந்திருக்கு. வேற ஸ்பிரிங் போட்டு ஓட வச்சிடலாம்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். பத்து நாள் கேட்டிருக்கார்.

சீக்கோவுக்குக் கருப்புத் தோல் பட்டை போட்டேன், கல்யாணப் படத்துல இருக்கிற மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிறது. எழுதும்போது என் கையில இருக்கு. செயின் தாத்தா வாட்ச்சுக்குப் போகுது. அத்தைகிட்ட சொன்னேன். "உங்கப்பன் கழட்டினதை நீ மாட்டுறியா"ன்னு கேட்டாங்க. வாட்ச் வந்ததும் முதல் கீ அவங்கதான் கொடுப்பாங்களாம். தாத்தா எத்தனை திருகு திருகுவார்னு அவங்களுக்குத் தெரியுமாம்.